இடப்பக்கம் கிளீனர் பொறுப்பு

நவம்பர் 6

லாரி வந்துவிட்டது. வெளிக்கதவின் இடது தூண் போய்விட்டது.

தூணைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. வீடு கட்டிய நாளிலிருந்து ஒரே இடத்தில்தான் நின்றது. இன்று காலையும் அங்கேதான் நின்றது. என் கணவர் அர்த்தநாரி தெருமுனையில் திரும்பி, ஹாரன் அடித்து, எதிர்வீட்டார் வெளியே வந்து பார்க்கும் வரை காத்திருந்து, பிறகுதான் வண்டியை உள்ளே விட்டார். இறங்கி வந்து, கிடந்த செங்கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு, "கிளீனர் இல்லாம வண்டிய எடுத்தா இப்படித்தான்" என்றார். எதிர்வீட்டாரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

லாரி சின்னது. இதற்கு முன் கோழித்தீவனம் ஏற்றிக்கொண்டிருந்தது. மணம் இன்னும் வேலையை விடவில்லை. பன்னிரண்டு சக்கர வண்டியை இமயமலை அடிவாரம் வரை ஓட்டியவர் இதை வாங்கியது எனக்கு ஆச்சரியம். கார் லைசென்ஸ் இருந்தாலே ஓட்டலாமாம், அவ்வளவு சின்னது என்று அவரே சலித்துக்கொண்டார். பின் ஏன் வாங்கினீர்கள் என்றேன். டீசல் மிச்சம் என்றார்.

இதன் முதுகில் ஓர் அறை கட்டி, கட்டிலும் அடுப்பும் வைத்து, நாங்கள் இருவரும் நாமக்கல்லிலிருந்து குவாஹாட்டிக்குச் சாலை வழியாகப் போகப்போகிறோம். நான் கல்லூரி நூலகராக இருந்து மே மாதம் ஓய்வு பெற்றேன். அவர் ஆவணியில் ஸ்டியரிங்கை விட்டார். மஞ்சள் காமாலையோடு ஒரிசா வரை ஜவ்வரிசி லோடு கொண்டுபோனவர், ஒருநாள் வீட்டுக்கு வந்து "போதும்" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் திருமண வாழ்க்கையில் பாதியை அவர் ஆந்திரத்துக்கு அப்பால் கழித்தார். நான் திருப்பதியைத் தாண்டியதில்லை. பிரம்மபுத்திராவைப் பற்றி என் நூலகத்தில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் இருந்தது. அதன் பாலத்தைப் பலமுறை கடந்தவரிடம் ஒரு வாக்கியம்தான் இருந்தது: "தண்ணி ஜாஸ்தி."

நேரில் பார்த்தால் இரண்டில் எது சரி என்று தெரிந்துவிடும்.

நவம்பர் 7

தூணுக்குக் கொத்தனார் வந்தார். அதே இடத்தில் கட்டட்டுமா, கொஞ்சம் தள்ளிக் கட்டட்டுமா என்று கேட்டார். தள்ளி என்றேன்.

நவம்பர் 11

லாரித் தொழிலின் தத்துவம் இன்று எனக்கு விளக்கப்பட்டது. வலது பக்கம் டிரைவர் பொறுப்பு. இடது பக்கம் கிளீனர் பொறுப்பு. டிரைவர் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பது கிளீனரை அவமதிப்பதாகும். கிளீனர் தலையை வெளியே நீட்டி, கதவில் கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. இந்த இரண்டு சொற்களைக் கொண்டு பாரதம் முழுவதும் சரக்குப் போய்ச் சேர்கிறது. நாங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்தை அலமாரியில் வைக்கப் பதினான்கு இலக்கம் எழுதுவோம்.

ஆகவே, தான் இத்தனை வருடமாக இடது பக்கம் பார்த்ததே இல்லை, இனிமேலும் பார்க்கத் தேவையில்லை என்றார். கேட்காமலே சொன்னார்.

இவர் பெயர் கொண்ட கடவுள் திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் நிற்கிறார். அங்கும் இடப்பாகம் மனைவி பொறுப்புதான். எனவே இந்த ஏற்பாட்டில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் அவருக்குக் காபி டம்ளரை வலது கைப்பக்கம் வைக்கிறேன். வாஸ்து.

நவம்பர் 15

வண்டி பாடி கட்டப் போயிற்று. பரமத்தி சாலையில் நாச்சிமுத்துவின் பட்டறை. நாச்சிமுத்து முப்பது வருடமாக லாரிக்கு உடம்பு கட்டுகிறவர். என் கணவர் ஓட்டிய வண்டிகளில் பாதி அவர் கட்டியவை. என்னைக் கல்லூரியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து டீச்சரக்கா என்று அழைக்கிறார்.

வீட்டிலிருந்து வண்டியை எடுத்துப்போக நாச்சிமுத்துவே வந்தார். இவ்வளவு அனுபவமுள்ள டிரைவர் பட்டறைக்கெல்லாம் வண்டி தள்ளிக்கொண்டு போகக் கூடாதாம். மரியாதை இல்லையாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். நான் காரில் பின்னால் போனேன். என் காரில் ஏறச் சொன்னேன், சிரித்தார். நான் கல்லூரிக்குப் பல வருடம் கார் ஓட்டிப் போய் வந்திருக்கிறேன். அவர் அதில் ஏறிய சில தடவைகளும் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்து, இறங்கும்போது கால் வலிக்கிறது என்பார்.

நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வி: "எத்தன டன் ஏத்துவீங்?"

"ரெண்டு பேர்" என்றார் இவர்.

நாச்சிமுத்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடியில் ஸ்பிரிங் பட்டை கனமாகவே போட்டுவிடுவதாகச் சொன்னார்.

நவம்பர் 18

என் கார் சீட்டுக்கு அடியில் ஒரு சணல் கயிறு கிடந்தது. ஒரு முனையில் ஒரு முடிச்சு, சற்றுத் தள்ளி இன்னொரு முடிச்சு. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பழைய செய்தித்தாள் கட்ட ஆயிற்று. சாயங்காலம் அவர் எதையோ தேடினார். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு செய்தித்தாள் கட்டை அவிழ்த்துவிட்டு வேறு கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு இப்படி ஏதாவது ஒரு வேலை வேண்டும்.

நவம்பர் 24

குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பின்னால் ஒரு சின்ன மருந்துப் புட்டி. காது மருந்து என்றார். ஜன்னல் வழியே பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து, முகத்தை நேராகக் கூரைக்குக் காட்டி, காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். மருத்துவம் எங்கேயோ போய்விட்டது.

இந்த நாட்குறிப்பு லாரியைப் பற்றியது. வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

நவம்பர் 30

நாச்சிமுத்து வேகமாக வேலை செய்கிறார். இப்படியே போனால் மார்கழிக்குள் முடித்துவிடுவார். எனக்குப் புத்தக அலமாரி வேண்டும் என்றேன். லாரியில் புத்தகம் எதற்கு என்றார். வழியில் படிக்க என்றேன். சரி என்று செய்தார். பள்ளத்தில் இறங்கினால் புத்தகம் விழும், எனவே ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு சட்டம் வேண்டும் என்றேன். செய்தார். தேக்கு போட்டிருக்கலாமே என்றேன். பிரித்துவிட்டு மறுபடி செய்கிறார்.

என் கணவர் எதுவும் சொல்லவில்லை. "பொறுமையா ஆகட்டும், அவசரமில்ல" என்றுகூடச் சொன்னார். கொச்சியில் காலை லோடு ஏற்றி, சாப்பிட நேரமாகும் என்று பட்டினியாக ஓட்டியவர்.

டிசம்பர் 5

இன்று நாங்கள் சரக்கானோம்.

அறைக்குப் பின்கதவு போட்டாயிற்று, வந்து பாருங்கள் என்று நாச்சிமுத்து கூப்பிட்டார். மதியம் போனோம். அவர் சாப்பிடப் போயிருந்தார். இருவரும் ஏறி உள்ளே போனோம். ஜன்னல் இன்னும் வெட்டவில்லை. வெட்ட வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு மட்டும். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொக்கி தானாக விழும் சத்தம் கேட்டது. கதவைத் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள், பிடி, ஒன்றுமில்லை. வழவழவென்று தகரம்.

கும்மிருட்டு. தகரம் நன்றாகச் சூடேறியிருந்தது. கையை நீட்டினேன், எதையும் பிடிக்க முடியவில்லை. அவர் என் கையைத் தேடாமலே பிடித்தார்.

"பயப்படாத மணி. கொஞ்ச நேரத்துல பழகிரும்."

"உங்களுக்குப் பழகிருச்சுங்களா?" என்றேன்.

அறையில் கோழித்தீவன வாடை மட்டும் இருந்தது. பிறகு, வேறெதையோ பேசுவதுபோல, "இந்த வண்டி கிளச்சு லேசுதான். கார் மாதிரிதான் இருக்கும்" என்றார். அப்படிங்களா என்றேன். அந்த நேரத்தில் கிளச்சைப் பற்றிப் பேச ஒரு லாரி டிரைவரால்தான் முடியும்.

நான் முன்பக்கத் தகரத்தில் பலமாக இரண்டு தட்டு தட்டினேன்.

லாரி கிளம்பியது.

நடந்தது இதுதான். பட்டறை ஆள் ஒருவர் வண்டியை நிழலுக்குத் தள்ளுவதற்காக முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்டது. இரண்டு தட்டு என்றால் போ. அவர் போனார். நான் பயந்து இன்னும் இரண்டு தட்டு தட்டினேன். அவர் வேகமெடுத்தார். பரமத்தி சாலையில் எங்கேயோ ஓர் இடத்தில் என் கணவர் எழுந்து, என் கையைத் தகரத்திலிருந்து விலக்கி, ஒரே ஒரு தட்டு தட்டினார். வண்டி நின்றது.

கதவைத் திறந்த ஆள் எங்களைப் பார்த்துப் பேய் அறைந்தவர்போல நின்றார். "நீங்கதானுங்களே போகச் சொன்னீங்க" என்றார். அவர் மேல் தவறில்லை.

நாச்சிமுத்துவிடம் உள்பக்கம் ஏன் தாழ்ப்பாள் வைக்கவில்லை என்று கேட்டேன். உண்மையாகவே யோசித்தார். "சரக்கு எங்கீங்க்கா உள்ளாரயிருந்து கதவத் தொறக்குது?" என்றார். முப்பது வருடத்தில் எந்தச் சரக்கும் புகார் சொன்னதில்லையாம்.

டிசம்பர் 12

டிரைவர் சீட்டைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். மிகவும் முன்னால் தள்ளி, உயரமாக இருக்கிறது. என் கணவருக்கு நீளமான கால். அவர் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். நாச்சிமுத்துவிடம் இதைச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ரேடியேட்டரைப் பார்த்தார். "அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

தண்ணீர்ச் சூடு காட்டும் முள் தெரிகிறதா பார் என்று என்னை அந்தச் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தெரிகிறது என்றேன். கால் எட்டுதா என்றார். எட்டுகிறது என்றேன். முள்ளுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

இடது பக்கக் கண்ணாடியும் தப்பு. லாரிக்குப் போடும் அளவைவிடப் பெரிதாக, முகம் பார்த்துத் தலை வாரலாம்போல ஒன்றை மாட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் நெடும்பயணம் கிளம்பக் கூடாது என்றேன். என் வாழ்நாளில் நான் பஞ்சாங்கம் பார்த்தது நூலகத்தில் அதற்கு எண் போட்டபோது மட்டும்தான். என் கணவருக்கு அது தெரியும். "ஆமாமா, தை பொறக்கட்டும்" என்றார்.

ஒருவர் சாக்குச் சொல்லும்போது மற்றவர் இவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஏதோ சரியில்லை.

டிசம்பர் 27

கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்து நிரப்பினார்கள். வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. தொட்டியை நடுவில் நகர்த்தினார்கள். அடியில் ஓட்டை விழுந்து தண்ணீர் நேராகக் கட்டில்மேல் கொட்டியது. வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும் என்று நாச்சிமுத்து முதலில் வாக்குக் கொடுத்திருந்தார். காப்பாற்றிவிட்டார்.

தொட்டியைக் கழற்றிவிட்டுக் குடம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தொட்டி இல்லாமல் போகவே முடியாது என்று நான் கொஞ்ச நேரம் வாதாடினேன். ஜெயிக்கவில்லை.

ஜனவரி 5

பெயிண்டர் யூசுப் வந்து எழுதுகிறார். இந்த ஊரில் ஒரு லாரி எந்த நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். பின்னால் தாமரை இருக்க வேண்டும். தாமரை வேண்டாம், ஒரு நதி வரையுங்கள் என்றேன். யூசுப் வரைந்தார். நதியில் ஒரு தாமரை மிதக்கிறது.

டிரைவர் கதவுக்கு மேலே 'வசந்தாமணி' என்று என் பெயரை எழுதிவிட்டார். கிளீனர் பக்கம் 'அர்த்தநாரி'. இடம் மாறிவிட்டது, டிரைவர் பக்கம் அவர் பெயரல்லவா வர வேண்டும் என்றேன். "மாமாதான் இப்டி எழுதச் சொன்னாப்டி" என்றார் யூசுப். என் கணவரிடம் கேட்டேன். ஓனர் பெயர் எங்கே எழுதுவது என்று யூசுப் குழம்பிவிட்டான், அழித்தால் பெயிண்ட் அசிங்கமாகிவிடும், கிடக்கட்டும் என்றார்.

ஜனவரி 11

பூனாவிலிருந்து மகள் பேசினாள். "அப்பாவே ஓட்டறாராம்மா?" என்றாள். பின்னே யார் என்றேன். "தலைவலின்னாரே, டாக்டர்கிட்டப் போனாரா?" என்றாள். தலைவலியை என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லியிருக்கிறார். காதில் மருந்து போடுகிறார் என்றேன்.

"அம்மா, நீங்க எத்தன புக்கு படிச்சிருக்கீங்க?" என்றாள். மரியாதையாகக் கேட்டதாகத் தோன்றவில்லை.

ஜனவரி 13

இன்று சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன். நான் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. எழுந்து சுற்றிவந்து வலது பக்கம் உட்கார்ந்தேன். "அட, எப்ப வந்த?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பொங்கலுக்குக் கரும்பு வாங்கியாயிற்றா என்று கேட்டு வைத்தேன்.

ஜனவரி 18

வண்டி தயார். பிரித்துக் கட்டச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நாளை பட்டறையில் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் முதல் முறையாக ஏற்றி நசுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். பட்டறை வாசலைத் தாண்டினால் நேராகச் சாலை. சாலையில் பள்ளிக்கூடம் விடும் நேரம். வாசலுக்கு இரண்டு பக்கமும் தூண்கள் உண்டு. தூண்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அவரது காக்கிச் சட்டையை எடுத்து அவரே தேய்த்துக்கொண்டார். ஆவணிக்குப் பிறகு அதை இன்றுதான் எடுக்கிறார். தேய்க்கும்போது பாட்டு வேறு.

அந்த மனிதரிடமிருந்து ஸ்டியரிங்கை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். நாளை அவர் ஏறி உட்கார்ந்தால் நான் பக்கத்தில் உட்காருவேனா, வண்டிக்கு முன்னால் போய் நிற்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இவ்வளவு காலமாக ஒரு முடிவும் எடுக்காமல் ஓர் அலமாரியை மூன்று முறை செய்யவைத்திருக்கிறேன்.

ஜனவரி 19

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாச்சிமுத்து மாலை போட்டார், பூசணிக்காய் உடைத்தார். யூசுப் எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்தார். பட்டறை ஆட்கள் சுற்றி நின்றார்கள். நான் கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றேன். காட்டி முடித்த பிறகும் நகரவில்லை. கற்பூரம் அணைந்துவிட்டது. எல்லோரும் நான் ஏதோ வேண்டிக்கொள்வதாக நினைத்தார்கள்.

என் கணவர் வண்டியின் பின்பக்கமிருந்து வந்தார். இடது கையால் வண்டியைத் தொட்டுக்கொண்டே, மாட்டைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல நடந்து வந்தார். டிரைவர் கதவருகே வந்தார். அவர் நிற்கவில்லை. கதவைத் தாண்டினார். முன்பக்கமாக என்னைச் சுற்றிக்கொண்டு, இடது பக்கம் போய், கிளீனர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். காக்கிச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

டிரைவர் சீட் காலியாக இருந்தது.

"ஏறுங்க டீச்சரக்கா" என்றார் நாச்சிமுத்து. "சீட்டு உங்களுக்குப் போட்டதுதானுங். உங்க கார்ல சீட்டுலருந்து கிளச்சு வரைக்கும் மாமா கயிறு புடிச்சு, முடிச்சுப் போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. நடுவுல அந்தக் கயிறக் காணோம்னு ஒரே ரகள. செய்தித்தாள் கட்டியிருந்தீங்களாமா?"

நான் இத்தனை நாளாக அபத்தம் என்று எழுதிவைத்த ஒவ்வொன்றும் எழுந்து வந்து எனக்கு வணக்கம் சொன்னது. கார் லைசென்ஸுக்கு ஓடும் லாரி. முன்னால் தள்ளிய சீட்டு. இடது பக்கத்துப் பெரிய கண்ணாடி. கதவுக்கு மேல் என் பெயர். என்னைவிட அவர் நன்றாகத் திட்டமிட்டிருந்தார். நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளையும் அவரும் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஓட்டச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு நேரம் பார்த்து, அவருக்கும் கிடைக்கவில்லை.

கற்பூரத் தட்டை யூசுப்பிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். கால் எட்டியது.

"இவ்வளவு பெரிய வண்டியைப் போய்..." என்று தொடங்கினேன்.

"நேராப் பாரு" என்றார் என் கணவர். அவர் முகம் வெளியே இருந்தது. கழுத்தை நன்றாகத் திருப்பி, இடது பக்கத்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பினால் அவருக்குத் தெரிகிறது. டிரைவர் அப்படித் திருப்பக் கூடாது. கிளீனர் திருப்பலாம், அதுதான் அவர் வேலை.

பிறகு கதவில் தட்டினார். இரண்டு தட்டு.

வண்டி ஒருமுறை குதித்து நின்றுபோனது. பட்டறை ஆட்கள் கௌரவமாக வேறு பக்கம் பார்த்தார்கள். மறுபடி இரண்டு தட்டு. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வாசல் தூண்கள் பத்திரமாக இருக்கின்றன.

சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் பேசினார். "ஆடியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. இடது கண்ணு ஏறக்கொறயப் போச்சு. இன்னொண்ணுல நேராத் தெரியும், பக்கந்தான் இல்ல. மருந்து உட்டா இருக்கறது நிக்குமாம்."

"தெரியும்" என்றேன்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"எப்ப இருந்துங்க?"

"டம்ளரு வலது பக்கம் வந்துதல்ல. அப்பவே."

அதற்குப் பிறகு நான் சாலையைப் பார்த்துத்தான் ஓட்டினேன். நன்றாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டுக் கடவுள் மனைவியோடு இடம் மாற்றிக்கொண்டதாகத் தலபுராணத்தில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜனவரி 22

வெளிக்கதவின் வலது தூண் போய்விட்டது.

"வலது பக்கம் டிரைவர் பொறுப்பு" என்றார் என் கணவர். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாயிற்று.

ஜனவரி 24

வீட்டுக்கு வந்த கொத்தனார் இனி தூணே வேண்டாம் என்கிறார்.

ஜனவரி 26

கிளம்பினோம். வேலூர் வரை மூன்று சண்டை. இரண்டு கியரைப் பற்றி. ஒன்று, இல்லாத பிரேக்கை இந்தப் பக்கம் உட்கார்ந்தும் மிதிப்பதைப் பற்றி.

ஜனவரி 31

ராஜமுந்திரி. கோதாவரி.

பாலம் வருகிறது என்று அவர் முன்பே சொன்னார். இந்த நதியைப் பற்றி நான் படித்ததெல்லாம் நினைவில் வரிசையாக வந்து நின்றது. பாலத்தில் ஏறினோம்.

நான் நதியைப் பார்க்கவில்லை.

முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. பின்னால் ஒரு பேருந்து, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு. வலது பக்கம் உரசுவதுபோல் ஒரு டேங்கர். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்க முடியவில்லை. ஓரத்தில் ஏதோ வெளிச்சமாக, அகலமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. அதுதான் கோதாவரி என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் புரிந்தது. கங்கை, மகாநதி, பிரம்மபுத்திரா. இந்த மனிதர் எத்தனை முறை கடந்திருக்கிறார். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். 'தண்ணி ஜாஸ்தி' என்பதைக்கூட ஓரக்கண்ணால்தான் பொறுக்கிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் அதைப் பல வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

"எப்படி இருக்குதுங்க?" என்றேன், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் தலை முழுக்க வெளியே இருந்தது. கழுத்தை நன்றாகத் திருப்பி, மிச்சமிருக்கும் கண்ணுக்கு நேராக நதியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் காற்றில் படபடவென்று அடித்தது. பாலம் நீளமானது. முடியும் வரை அவர் உள்ளே திரும்பவில்லை.

"சொல்லுங்களேன். தண்ணி ஜாஸ்தியா?"

"சொன்னா ஆகாது மணி" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

பாலம் முடிந்து, சாலையோரம் அகலமாக, நதி தெரியும்படி ஓரிடம் வந்தது. அவர் கையை வெளியே விட்டு, கதவில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

ஒரு தட்டு என்றால் நில்.

நிறுத்தினேன்.